விடையைச் சொல்லிவிடாதீர்கள்!



முதலில் ஒரு விடுகதை. சட்டைக்குள் சட்டை, அதற்குள்ளும் சட்டை. எல்லாச் சட்டையையும் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆளே இல்லை. அவன் யாரையும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. ஆனால், அவன் சட்டையைக் கழற்றுகிறவர் கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டும். அவன் யார்?

விடை தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்; வாயைத் திறக்காதீர்கள். பக்கத்தில் தங்கையோ தம்பியோ உட்கார்ந்து இதே பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்களும் யோசிக்கட்டும். தெரியாதவர்கள் கவலைப்படாதீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

இன்றைக்கு உங்களிடம் நான் சொல்ல வந்ததே இந்த "அவசரம் இல்லை" என்ற இரண்டு சொற்களைப் பற்றித்தான். விடுகதையில் மிகச் சிறிய பகுதி அதன் விடை. பெரிய பகுதி எது தெரியுமா? கேள்விக்கும் விடைக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரம். அந்த நேரத்தை நாம் இப்போது தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

எப்படித் தொலைக்கிறோம்? தாத்தா ஒரு விடுகதை சொல்கிறார். பேரன் அரை நிமிடம் முழிக்கிறான். உடனே அப்பாவின் கைபேசியை எடுத்து, விடுகதையை அப்படியே அதனிடம் கேட்கிறான். அது விடையைச் சொல்லிவிடுகிறது. பேரன், "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று குதிக்கிறான். தாத்தா அடுத்த விடுகதையைச் சொல்லவில்லை. எழுந்து போய்விடுகிறார்.

பேரன் என்ன கண்டுபிடித்தான்? ஒன்றும் இல்லை. ஆட்டம்தான் முடிந்தது.

தேடினால் என்ன தவறு?

"ஐயா, தெரியாததைத் தேடித் தெரிந்துகொள் என்று நீங்கள்தானே வகுப்பில் சொல்வீர்கள்? இப்போது தேடாதே என்கிறீர்களே!" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன்.

மங்கோலியா நாட்டின் தலைநகரம் எது என்று கேட்டால், எவ்வளவு நேரம் கண்ணை மூடி யோசித்தாலும் அது தானாக வராது. ஏனென்றால், அந்தச் செய்தி உங்கள் தலைக்குள் இல்லை. அகராதியையோ, அட்லஸையோ, கைபேசியையோ பார்க்கத்தான் வேண்டும். உலான்பாத்தர் என்று பார்த்துத் தெரிந்துகொண்டால் அது அறிவு.

விடுகதை அப்படி இல்லை. நான் முதலில் சொன்ன விடுகதைக்கு விடை வெங்காயம். வெங்காயம் உங்களுக்குத் தெரியாத பொருளா? தினமும் சமையல் அறையில் பார்க்கிறீர்கள். தோல் உரித்தும் இருப்பீர்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டும் நின்றிருப்பீர்கள். விடை முழுவதும் உங்கள் தலைக்குள்ளேயே இருந்தது. விடுகதை அதை மறைத்து வைத்துவிட்டு, "எங்கே எடு பார்க்கலாம்" என்று கூப்பிட்டது. அவ்வளவுதான்.

அப்படியிருக்க, அதைப் போய் கைபேசியில் தேடுவது, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பென்சிலை எடுத்துத் தரச் சொல்லி எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல் இல்லையா? தெரியாத செய்தியைத் தேடிப் படியுங்கள். தெரிந்த பொருளை யோசித்து எடுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தால் போதும்.

பழைய பெயர் பிசி

விடுகதை நேற்றோ முந்தாநாளோ வந்ததல்ல. தமிழின் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியம், செய்யுளியல் என்ற பகுதியில் இதைப் பற்றிப் பேசுகிறது. அதில் இதற்குப் பெயர் "பிசி". பாட்டு, உரை, நூல், பழமொழி ஆகியவற்றோடு பிசியையும் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார் தொல்காப்பியர். இலக்கணம் எழுதிய பெரியவர், விளையாட்டுதானே என்று இதை ஒதுக்கிவிடவில்லை.

பிசி இரண்டு வகை என்றும் அவர் சொல்கிறார். ஒன்று, ஒரு பொருளை இன்னொன்று போலக் காட்டி மறைப்பது. "சின்னச் சிவப்புப் பை, உள்ளே நிறைய மஞ்சள் காசு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். வற்றல் மிளகாய்தான் பை, விதைகள்தான் காசு. இன்னொரு வகை, பொருளின் தன்மையைச் சொல்லி, அதிலிருந்து அதைக் கண்டுகொள்ள வைப்பது. "அள்ளலாம், ஆனால் கிள்ள முடியாது" என்றால் தண்ணீர். இங்கே எதையும் எதனோடும் ஒப்பிடவில்லை. தண்ணீரின் குணத்தை மட்டும் சொல்லியாயிற்று.

இனி நீங்கள் எந்த விடுகதையைக் கேட்டாலும், அது முதல் வகையா, இரண்டாம் வகையா என்று பிரித்துப் பாருங்கள். பாதி வழி திறந்துவிடும்.

ஊருக்கு ஊர் இதற்குப் பெயரும் மாறும். தென் மாவட்டங்களில் சில இடங்களில் அழிப்பாங்கதை என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் நொடி என்பார்கள். பக்கத்தில் கேரளத்தில் கடங்கதை, கர்நாடகத்தில் ஒகட்டு, தெலுங்கில் பொடுபு கதை. பெயர்தான் வேறு. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

நெருப்பைச் சுற்றி ஓர் ஆட்டம்

இந்த ஆட்டத்துக்கு ஏற்ற நேரம் எது? இரவுதான். மார்கழி, தை மாதங்களில் கிராமங்களில் விடியற்காலையிலும் இரவிலும் சருகுகளைக் கூட்டித் தீ மூட்டிக் குளிர் காய்வார்கள். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் இருப்பார்கள். தூங்கிவிடக் கூடாது, வேலையும் இல்லை. அப்போது கைகொடுத்தவை கதையும் விடுகதையும்தான்.

சாரணர் இயக்கத்தில் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கு "கேம்ப் ஃபயர்" தெரிந்திருக்கும். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை அழைத்துக்கொண்டு போய் முகாம் நடத்தினார். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசினார்கள். மறு ஆண்டு அவர் எழுதிய சாரணர் நூலில், பாடங்களுக்குப் பாடம் என்றே பெயர் வைக்கவில்லை. "கேம்ப் ஃபயர் கதைகள்" என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்தார். இன்றும் சாரணர் முகாம்களில் கடைசி இரவு நெருப்பைச் சுற்றிப் பாட்டு, நடிப்பு, விடுகதை எல்லாம் உண்டு.

நான் பணியில் இருந்த காலத்தில் சாரண ஆசிரியராகவும் இருந்தேன். அந்த நெருப்பு ஓரத்தில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பறையில் முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்று இரண்டு உண்டு. வட்டமாக உட்கார்ந்தால் கடைசி பெஞ்சே கிடையாது! இருட்டில் யார் முகமும் சரியாகத் தெரியாது. தப்பாகச் சொன்னாலும் யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. அதனால் வகுப்பில் பேசாதவர்கள் அங்கே பேசினார்கள்.

நீங்கள் நெருப்பு மூட்ட வேண்டாம். பெரியவர்கள் இல்லாமல் தீப்பெட்டியைத் தொடவே கூடாது. மொட்டை மாடி இருக்கிறது. இல்லாவிட்டால் வாசல்படி இருக்கிறது. விளக்கையும் தொலைக்காட்சியையும் அரை மணி நேரம் அணைத்துவிட்டு வட்டமாக உட்காருங்கள். நடுவில் ஒரு கிண்ணம் வறுத்த வேர்க்கடலை வைத்தால் போதும்.

ஒரு நாள் காத்திருந்ததால் கிடைத்தது

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன. ஒரு மாலை, கடைசி மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு விடுகதை சொன்னேன்.

"கதவு இல்லை, ஜன்னல் இல்லை, வெள்ளை வீடு. உள்ளே ஓர் உயிர். அது வெளியே வந்தால் வீடு போச்சு. அது என்ன?"

"முட்டை!" என்று நான்கு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். நான் தலையை ஆட்டவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. "நாளைக்கு விடை சொல்கிறேன். வேறு ஏதாவது பொருந்துமா என்று வீட்டில் யோசித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை, அதிகம் பேசாத ஒரு மாணவன் என் மேஜை அருகே வந்து நின்றான். அவனைக் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான்; பதில் வருவதற்குள் அடுத்தவன் சொல்லிவிடுவான்; உட்கார்ந்துவிடுவான். அன்றைக்கு அவன், "சார், பட்டுக்கூடு" என்றான்.

எப்படி என்று கேட்டேன். "எங்க வீட்ல பட்டுப்புழு வளர்க்கிறோம் சார். கூடு வெள்ளையா இருக்கும், கதவு இருக்காது. பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துட்டா கூடு போச்சு சார். நூல் இழுக்க வராது, விலையும் போகாது" என்றான்.

குழந்தைகளே, அவன் சொன்னது முற்றிலும் உண்மை. ஒரு பட்டுக்கூட்டில் பல நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழையாக நூல் சுற்றியிருக்கும். பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் இழை பல இடங்களில் அறுந்துவிடும். "வெளியே வந்தால் வீடு போச்சு" என்பது முட்டையைவிட பட்டுக்கூட்டுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது! விடுகதை சொன்ன எனக்கே அது தோன்றவில்லை. அன்று முழுவதும் பட்டுப்புழுவைப் பற்றி அவன்தான் வகுப்புக்கு ஆசிரியர்.

முந்தின நாள் மாலையே "முட்டைதான் சரி, கைதட்டுங்கள்" என்று நான் முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேகமாகக் கத்திய நான்கு பேருக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். மெதுவாக யோசிக்கிற அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? வேகமாகச் சொல்வது ஒரு திறமைதான். மெதுவாக யோசிப்பதும் ஒரு திறமை. நம் போட்டிகளும் பரிசுகளும் முதலாவதை மட்டும்தான் பார்க்கின்றன. விடுகதையாவது இரண்டாவதற்கும் இடம் கொடுக்கட்டுமே!

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு சொல்

இந்தப் பகுதியை அப்பா, அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

கிரேக்க நாட்டுப் பழங்கதையில் ஸ்பிங்க்ஸ் என்று ஒரு பிராணி வரும். தீப்ஸ் என்ற நகரத்துக்குப் போகிற வழியில் உட்கார்ந்துகொண்டு வருவோர் போவோரை எல்லாம் விடுகதை கேட்கும். காலையில் நான்கு கால், நடுப்பகலில் இரண்டு கால், மாலையில் மூன்று கால் கொண்டது எது என்பதுதான் கேள்வி. விடை தெரியாதவர்களைக் கொன்று தின்றுவிடும்! ஈடிபஸ் என்பவன்தான் கடைசியில் விடை சொன்னான். மனிதன்தான் விடை. குழந்தையாகத் தவழும்போது நான்கு கால், வளர்ந்ததும் இரண்டு, முதுமையில் ஊன்றுகோலோடு மூன்று.

நம் வீடுகளிலும் சில நேரம் பெரியவர்கள் ஸ்பிங்க்ஸ் ஆகிவிடுகிறார்கள். "இதுகூடத் தெரியலையா? பக்கத்து வீட்டுப் பிள்ளை டக்குன்னு சொல்லிட்டான்" என்று ஒரு வார்த்தை போதும், குழந்தை அடுத்த நாள் வட்டத்தில் வந்து உட்காராது. அதனால், ஆட்டம் தொடங்கும் முன் சில விதிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: விடை தெரிந்தவர் சொல்லக் கூடாது, மூக்கைத் தொட வேண்டும். எல்லாரும் மூக்கைத் தொட்ட பிறகு, இருப்பதில் சின்னவர் விடை சொல்லட்டும்.

இரண்டு: தெரியாதவர் துப்புக் கேட்கலாம். "வீட்டுக்குள் இருக்குமா, வெளியே இருக்குமா?", "சாப்பிடலாமா, கூடாதா?" என்று கேட்கட்டும். விடையைக் கேட்கக் கூடாது.

மூன்று: வேறு விடை யாராவது சொன்னால், "ஏன்?" என்று கேட்க வேண்டும். காரணம் பொருந்தினால் அதுவும் சரியான விடைதான்.

நான்கு: இரவுக்குள் விடை வராவிட்டால் காலை வரை விட்டுவிடுங்கள். பல் தேய்க்கும்போது வரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

சொல்லோடு விளையாடலாம்

விடுகதை தீர்ந்துவிட்டால் சொல் விளையாட்டுகள் இருக்கின்றன. இவற்றுக்கு அட்டையும் வேண்டாம், காயும் வேண்டாம். தமிழ் தெரிந்தால் போதும்.

சொல் சங்கிலி: ஒருவர் ஒரு சொல் சொல்ல, அதன் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் வரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளிலும் அவற்றின் வரிசையிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. ரயில், லட்டு, டமாரம் போன்றவை வேறு மொழிகளிலிருந்து வந்தவை அல்லது ஒலியால் அமைந்தவை. அதனால் அந்த எழுத்து வந்தால் ஓர் எழுத்து பின்னால் போகலாம். அதுவும் ஆகாவிட்டால் இன்னும் ஓர் எழுத்து பின்னால் போகலாம் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ம், ப் போன்ற புள்ளி எழுத்து வந்தால் புள்ளியை எடுத்துவிடலாம். இதோ பாருங்கள்: கப்பல், பம்பரம், மல்லிகை, கைக்குட்டை, குருவி, விசிறி, சிலந்தி, திண்ணை. கைக்குட்டையில் "டை"யும் "ட்"டும் ஆகாது. ஆகவே "கு" என்று பின்னால் போய்க் குருவியைப் பிடித்தோம்.

இலக்கணப் புத்தகத்தில் "மொழிமுதல் எழுத்துகள்" என்ற பாடம் வரும்போது பாதி வகுப்பு கொட்டாவி விடும். இந்த ஆட்டத்தை நான்கு நாள் ஆடுங்கள். அந்தப் பாடத்தை நீங்களே ஆசிரியருக்கு நடத்தலாம்.

எழுத்தை மாற்று: நான் நான்கெழுத்துச் சொல். கடித்தால் இனிப்பேன். என் இரண்டாம் எழுத்தை எடுத்துவிட்டால் கூழ் காய்ச்சும் தானியம் ஆவேன். முதல் எழுத்தை எடுத்துவிட்டு "இ" போட்டால் யாராலும் கடிக்க முடியாது. "அ" போட்டால் நாளைக்கு மலர்வேன். "து" போட்டால் ஊதினாலே பறந்துவிடுவேன். நான் யார்? கரும்பு! கம்பு, இரும்பு, அரும்பு, துரும்பு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதேபோல் தாமரையை எடுத்துக்கொண்டு, முதல் எழுத்தையும் நடு எழுத்தையும் மாற்றி மாற்றி மறைத்துப் பாருங்கள். இரண்டு புதிய சொற்கள் கிடைக்கும்.

திருப்பிப் படி: விகடகவி என்பதைக் கடைசியிலிருந்து படித்தாலும் விகடகவிதான். வீட்டிலேயே இருக்கிற தாத்தாவும் அப்படித்தான். தா, த், தா. பாப்பாவும் காக்காவும்கூட அப்படியே. கைரேகை, குடகு இரண்டும் சரியா என்று பாருங்கள். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் இப்படி முன்னும் பின்னும் ஒரே மாதிரி வரும் பாடல்களாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அதற்கு மாலைமாற்று என்று பெயர். நம்மால் ஒரு வரியாவது முடியாதா? "மாவடு போடுவமா" என்று நான் முயன்றேன். உங்களால் இதைவிட நீளமாக முடியும்.

இரண்டு பொருள்: ஆறு என்றால் எண்ணும் உண்டு, தண்ணீர் ஓடுகிற ஆறும் உண்டு. மாலை கழுத்திலும் விழும், வானத்திலும் வரும். இப்படி ஒரு சொல்லில் இரண்டு பொருள் வைத்து விளையாடுவது சிலேடை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவர் இதில் மன்னர். ஒரே பாட்டு பாம்புக்கும் பொருந்தும். வாழைப்பழத்துக்கும் பொருந்தும்படி பாடியவர் அவர்.

இந்த ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது, கவனித்தீர்களா? எதிலும் சும்மா உட்கார்ந்து யோசிக்கிற ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மூளைக்குள் சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுகின்றன. அந்தச் சத்தம் வெளியே கேட்காது. அதனால்தான் பெரியவர்கள் சிலர், "சும்மா இருக்கிறாயே" என்கிறார்கள்!

பாட்டியின் பெட்டகம்

பழைய விடுகதைகளில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. உரல், உலக்கை, ஏற்றம், அரிக்கேன் விளக்கு, மைக்கூடு, மாட்டு வண்டியின் அச்சாணி ஆகிய பொருள்களுக்கு எல்லாம் விடுகதைகள் உண்டு. இன்று உங்களில் பலர் ஏற்றத்தைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். கிணற்றிலிருந்து வயலுக்கு நீர் இறைக்கும் கருவி அது. நீண்ட மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, மரம் ஏறி இறங்கித் தண்ணீரை மேலே கொண்டுவரும். மின்சார மோட்டார் வந்ததும் அது போய்விட்டது. ஆனால், விடுகதைக்குள் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

நான் முன்பே சொன்னேன், விடுகதையின் விடை உங்கள் தலைக்குள் இருக்கும் என்று. இந்த வகை விடுகதை மட்டும் அதற்கு விலக்கு. இதன் விடை பாட்டியின் தலைக்குள் இருக்கிறது. பார்க்காத பொருளை யோசித்து எடுக்க முடியாது. ஆகவே தயங்காமல் பாட்டியிடம் கேளுங்கள். விடையை மட்டும் கேட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். "அது எப்படி இருக்கும்? நீங்கள் அதை ஓட்டியிருக்கிறீர்களா? யார் வீட்டில் இருந்தது?" என்று கேளுங்கள். ஒரு விடுகதைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கையே வரும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு ஆயா, கீரைக்கார அம்மா என்று யார் சொன்னாலும், அவர்கள் சொன்ன பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலான விடுகதைகள் எழுதி வைக்கப்படாமல் வாயிலேயே வாழ்கின்றன. சொல்கிறவர் போனால் கூடவே அவையும் போய்விடும். பாட்டியிடம் நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். விடைக்குத்தான் அவசரம் வேண்டாம் என்றேன். பாட்டியிடம் போய் உட்காருவதற்கு அவசரம் வேண்டும்.

ஒன்றை மட்டும் நோட்டில் சேர்க்க வேண்டாம் என்பேன். சில பழைய விடுகதைகள் கண் தெரியாதவரையும், கால் ஊனமானவரையும், ஒருவருடைய நிறத்தையும், ஒருவர் செய்யும் தொழிலையும் கேலி செய்யும். வட்டத்தில் உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருவர் தலை குனிந்தால், அது விளையாட்டு அல்ல.

நீங்களும் செய்யலாம்

பழையதைச் சேர்த்தால் மட்டும் போதாது. புதியதைப் படைக்கவும் வேண்டும். அந்தக் காலத்தில் ஏற்றத்தைப் பார்த்தவர் ஏற்றத்துக்கு விடுகதை கட்டினார். நீங்கள் லிப்டைப் பார்க்கிறீர்கள், லிப்டுக்குக் கட்டுங்கள்.

எப்படி என்று சொல்கிறேன். குடையை எடுத்துக்கொள்வோம். முதலில், குடை என்னென்ன செய்கிறது என்று எழுதுங்கள். விரியும், சுருங்கும், நனையும், நம்மை நனையவிடாது, கம்பிகள் இருக்கும். அடுத்து, இவற்றில் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவது எது என்று தேடுங்கள். தான் நனைகிறது, நம்மை நனையவிடுவதில்லை. அதுதான் விடுகதையின் உயிர். பிறகு குடையை ஓர் ஆளாக்கிவிடுங்கள். கடைசியில் பெயரை மறைத்துவிடுங்கள். "மழை வந்தால் விரிவான், வீடு வந்தால் சுருங்குவான்; தான் மட்டும் நனைவான், என்னை நனையவிட மாட்டான்." முடிந்தது!

விடுகதை கட்டுகிறவர் ஒரு பொருளை நன்றாக உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தினமும் பார்க்கிற குடையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பீர்கள்.

இந்த வாரத்துக்கு ஐந்து

இவை நானே கட்டியவை. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து யோசியுங்கள்.

1. என் மேல் ஏறினால் மாடி வரும். ஆசிரியர் என்னைச் சொன்னால் புத்தகம் திறக்கும். பாட்டி என்னைக் கொண்டு அரிசி அளப்பார். இரண்டே எழுத்து.

2. மூன்றெழுத்துக்காரன், வேகமாக ஓடுவான். நடு எழுத்து போனால் நாயிடம் கேட்கலாம். முதல் எழுத்து போனால் கடலிலும் பார்க்கலாம், சினிமாக் கொட்டகையிலும் பார்க்கலாம்.

3. சுவரில் வாய் வைத்துக் குடிப்பான். ஒரு சொட்டும் தனக்கு வைத்துக்கொள்ளாமல் இன்னொருவனுக்கு ஊட்டிவிடுவான்.

4. கண் மூன்று, ஒரு நேரத்தில் ஒரு கண்ணைத்தான் திறப்பான். சிவந்த கண்ணைத் திறந்தால் பெரிய லாரியும் நின்றுவிடும்.

5. காலையில் நெடியவன், நண்பகலில் குள்ளன், மாலையில் மறுபடியும் நெடியவன். விளக்கை அணைத்தால் ஆளையே காணோம்.

வழக்கமாக இப்படிப்பட்ட பக்கங்களின் அடியில் விடைகளைத் தலைகீழாக அச்சடித்திருப்பார்கள். நீங்களும் பத்திரிகையைத் திருப்பத் தயாராக இருப்பீர்கள். திருப்ப வேண்டாம், அங்கே ஒன்றும் இல்லை. விடைகளைப் போட வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

ஐந்து விடைகளும் உங்களிடமே இருக்கின்றன. இன்று இரவு அரை மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டுத் தேடுங்கள். பாட்டியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதும் நான்காவதும் அவருக்குத் தெரியாமல் போகலாம். அப்போது நீங்கள் உடனே சொல்லிவிடாதீர்கள். அவர் யோசிக்கட்டும்; நீங்கள் துப்பு மட்டும் கொடுங்கள்!